கிளுவை வேலிக்கு வைத்த தீ

எங்கள் கொறங்காட்டுக்கு நாலு பக்கமும் கிளுவை வேலி. கொறங்காடு என்றால் ஏர் ஓடாத காடு. விதைப்பதும் இல்லை, அறுப்பதும் இல்லை. மழை விழுந்தால் கொழுக்கட்டைப் புல் தானாக எழும்பும், செம்மறி மேயும், நடுநடுவே வெள்வேல மரம் நிழல் கொடுக்கும். பல்லடத்துக்குக் கிழக்கே எங்கள் பக்கமெல்லாம் அப்படித்தான். அந்த வேலிக்கு ஒரு பங்குனி மாதம் நான் தீ வைக்கச் சொன்னேன். இதை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒருத்தர் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்கிறார். இன்னொருத்தர் மில் கட்ட இடம் ஒதுக்கினேன் என்கிறார். செய்தவள் நான். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பஸ்ஸின் பெயர்ப்பலகையும் காலண்டர்த் தாளும் படித்துப் படித்து எழுத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் வரும். பிழை இருந்தால் பேத்தி திருத்தட்டும், சேதியைத் திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கிளுவை என்பது ஆள் உயரம் வளரும் முள் செடி. போத்தை, அதாவது கிளையை, வெட்டி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். நான் கல்யாணமாகி வந்தபோதே எங்கள் வேலி கை நுழையாத அளவுக்கு அடர்ந்து கிடந்தது. உள்ளே கவுதாரி முட்டை வைக்கும். முயல் ஓடும். கீரி, ஓணான், ஓட்டில் மஞ்சள் கோடு போட்ட கட்டாமை, எல்லாம் உண்டு. பாம்பும் உண்டு. வேலிக்கும் வேலிக்கும் நடுவே போகும் வண்டித்தடத்தை இட்டேரி என்போம். இட்டேரியில் நடப்பவர்கள் காலைத் தட்டி நடப்பார்கள். ஒவ்வோர் எட்டும் தரை அதிர வேண்டும். அந்த அதிர்ச்சிக்குப் பாம்பு தானே ஒதுங்கிப் போய்விடும். செருப்பு தேய்வதைப் பார்த்தே ஒருத்தர் காட்டுக்காரரா டவுன்காரரா என்று சொல்லிவிடலாம். எனக்கும் அப்படித்தான் பழகியது. பயம் என்று தனியாக ஒன்று கிடையாது, தட்டி நடப்பதுதான் உண்டு.

பயம் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு கார்த்திகை மாதம். மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. பொழுது சாயும் நேரம். நான் கட்டுத்தறியில் எருமை பால் பீச்சிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தார். முகம் மட்டும் சாதாரணமாக இருந்தது.

"வேலியோரம் என்னமோ பட்டுச்சு அம்மிணி. விரியனாட்டம் இருந்துச்சு" என்றார்.

கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளி. பால் போசியை நான் கீழே வைத்தேனா போட்டேனா தெரியாது. நல்லவேளை, அன்றைக்கு ஆடு பிடிக்கக் கோயமுத்தூரிலிருந்து பாய் வந்திருந்தார். பழைய டவுனுக்குள் வீடு, இருபது வருசமாக எங்களிடம் ஆடு வாங்குகிறவர். பாதி ஆடுகள் டெம்போவில் ஏறியிருந்தன. அவர் உடனே ஏற்றிய ஆடுகளை இறக்கிவிட்டார், எங்கள் வீட்டுக்காரரைத் தூக்கி வைக்கோல் மேல் படுக்க வைத்தார், என்னையும் ஏற்றினார். கீறுகிறேன், உறிஞ்சுகிறேன் என்று வந்த ஆட்களைத் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தார். ஆட்டுப் புழுக்கை நாற்றத்தோடு கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

விரியன் கடித்தால் ரத்தம் உறையாது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் ரத்தம் எடுத்து மேசை மேல் வைத்தார். இருபது நிமிசம் கழித்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் கட்டியாக நிற்கும். சாய்த்தபோது தண்ணீராக ஓடியது. மருந்து ஏற்றினார்கள். பிறகு மறுபடியும் குப்பி, மறுபடியும் ஓடியது. ஈறில் ரத்தம் கசிந்தது. கால் சுரைக்காய் மாதிரி வீங்கிப் பளபளத்தது. நான் அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பது வருசம் கூட இருந்த மனிதர் அந்த விரல் உயரக் குப்பிக்குள் இருக்கிறார் என்று தோன்றியது.

பக்கத்துக் கட்டிலில் காரமடைப் பக்கத்து ஆள் ஒருத்தர். அவருக்கும் பாம்புக்கடிதான். வாழைத்தோப்பில் தண்ணீர் கட்டும்போது கடித்ததாம். அவருடைய சம்சாரம் எனக்கு வெற்றிலை கொடுத்தாள், நான் அவளுக்கு இட்லி கொடுத்தேன். இரண்டாம் நாள் விடிகாலையில் அந்தக் கட்டில் காலியாக இருந்தது. வெற்றிலைப் பை மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்துக் கொடுக்கக் கூட அவளைக் காணவில்லை.

அப்போதுதான் வேண்டிக்கொண்டேன். இவர் பிழைத்தால் கொடுமுடியில் நாகர் கல் வைக்கிறேன் என்று. எங்கள் பக்கத்தில் பாம்பு சம்பந்தமான எதற்கும் கொடுமுடிதான். காவேரியில் முழுகி, கல்லில் அடித்த நாகருக்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றி, கோயிலில் கொண்டுபோய் வைப்பார்கள். வேண்டியதோடு நிறுத்தியிருக்கலாம். அதே மூச்சில் இன்னொன்றும் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். ஊர் போனதும் அந்த வேலியில் ஒரு செடி நிற்கக்கூடாது.

மூன்றாம் நாள் குப்பியில் ரத்தம் கட்டியாக நின்றது. டாக்டர் என் முகத்துக்கு நேராகக் குப்பியைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

எங்கள் நாத்தனார்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வந்ததும் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி, எந்த இடத்தில் கடித்தது என்பதுதான். அவர் கண்ணைத் திறக்காமலே "வேலியோரமுங்க அக்கா" என்றார். டாக்டரிடம் அதையே சொன்னார். பாயிடமும் அதையே. கேட்காதவர்களிடம் கூடச் சொன்னார். நான் அதை அப்போது கவனிக்கவில்லை.

பதினாறாம் நாள் வீடு வந்தோம். இடது கால் சரியாக ஊன்றவில்லை. வீட்டின் பின்பக்கம், பொடக்காலியில், சுவர் ஓரமாகப் பருத்திமார் விறகு ஒரு கை அளவு சிதறிக் கிடந்தது. ஆடு இழுத்திருக்கும் என்று பொறுக்கி அடுப்பில் வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. படுக்கையை மூன்று தரம் உதறுவேன். காட்டுக்கு நடுவே உள்ள எங்கள் வீடான சாளையைச் சுற்றிப் பூண்டு அரைத்து ஊற்றினேன், பினாயில் ஊற்றினேன். சருகு சரசரத்தால் தடியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். அவர் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால், வைக்கும் இடத்தை முதலில் தடியால் தட்டுவேன். ஆட்டைப் பார்த்துவருகிறேன் என்று எழுவார். பக்கத்து வளவிலிருந்து ஆள் வைத்திருக்கிறேன், ஆடு அதுபாட்டுக்கு மேயும், உட்காருங்கள் என்பேன். உட்கார்ந்துகொள்வார். எதிர்த்துப் பேசுகிறவர்தான், ஆனால் அந்த மாதம் எதிர்த்துப் பேசவில்லை. வேலியை எடுத்துவிட்டுக் கல்தூண் நட்டு முள்கம்பி போடப் போகிறேன் என்று சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"வேலி என்ன பண்ணுச்சு, உடு."

"என்ன பண்ணுச்சா? அது பண்ணுனதுக்குத்தான் நீங்க இப்புடி உக்காந்திருக்கறீங்க."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டார். இந்த மனிதர் பாம்புக்குப் பரிந்து பேசுகிறாரே என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

தை மாதம் அவரைக் கருமத்தம்பட்டியில் மகள் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அங்கே விசைத்தறி. வீடு, ஷெட், வாசல் எல்லாம் சிமெண்டு. ஒரு புல் கிடையாது. அதுதான் எனக்குப் பிடித்தது. காலுக்கு வைத்தியம் பக்கத்தில் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். நிசத்தில், அவர் கண் முன்னால் வேலியை வெட்ட எனக்கு முகமில்லை.

ஆட்களை விட்டு வெட்டினேன். வெட்ட வெட்டக் கிளுவைப் பால் வடிந்து, காடெல்லாம் சாம்பிராணி வாடை. வேலை செய்தவர்கள் என்னிடம் பேச்சை வளர்க்கவில்லை. இவ்வளவு நல்ல வேலியா என்று ஒருத்தர் கேட்டதற்கு நான் பார்த்த பார்வையில் மற்றவர்கள் கேட்கவில்லை. வெட்டியதை அங்கங்கே குவித்துக் காயவிட்டோம்.

இதற்கிடையில் மகள், கடை போனிலிருந்து எங்கள் ஊர்க் கடைக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டாள். அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள். காலை முழுக்க ரோட்டோரம் ஸ்டூல் போட்டு அவினாசி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தறிச் சத்தத்தில் ஆட்டு மணி கேட்கிறது என்கிறார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

"ஏனுங்கம்மா, பாம்பு கடிச்சப்பக் கூட அப்பா இப்புடி இல்லீங்க" என்றாள்.

நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டேன், மனசில் வாங்கவில்லை. உயிரோடு இருக்கிறார், அது போதும் என்று போனை வைத்துவிட்டேன்.

பங்குனியில் கொடுமுடிக்கு நாள் குறித்தேன். அதே நாளில் வேலிக் குவியலுக்கும், வெட்டாமல் அடியில் நின்ற தூருக்கும் தீ வைக்க ஆட்களிடம் சொல்லிவிட்டு, மகள் வீடு போய் அவரை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். காவேரியில் அன்றைக்கு இடுப்பளவு தண்ணீர். அவர் படியில் உட்கார்ந்து காலை நனைத்தார். நான் முழுகி எழுந்தேன். கல்லுக்கு மஞ்சள் பூசினேன், பூ வைத்தேன். ஐந்து தலையும் பின்னிய உடலும், அழகான கல். பால் ஊற்றும்போது வாய்விட்டே வேண்டினேன். இவருக்கு இனி ஒரு குறையும் வரக்கூடாது, எங்கள் வீட்டையும் காட்டையும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று.

அவர் பக்கத்தில் தடி ஊன்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்துக்கச் சொல்ற, செரி. வந்து குடியிருக்க எடம் கேட்டா எதைக் காட்டுவ?" என்றார்.

விளையாட்டாகத்தான் கேட்டார். அங்கே தீ வைத்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. நான் ஊற்றிய பால் கல்லை விட்டுப் படியில் வழிந்தது. தண்ணீர்ப் பாசி வழுக்குகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. இட்டேரி முனையிலேயே வாடை வந்தது. அவர் நின்றுவிட்டார். எங்கள் காட்டைச் சுற்றி, சுண்ணாம்புச் சுவரில் கரிக்கட்டியால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அதற்கு மேலே வானம்தான். நாற்பது வருசத்தில் எங்கள் சாளையை நான் அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்ததே இல்லை. வேலி மறைக்கும். இப்போது சாளை அம்மணமாக நின்றது.

அவர் அந்தக் கோட்டோரமாகவே நடந்தார். மூன்று கட்டாமை ஓடு வெடித்துக் கிடந்தன. ஒரு கவுதாரி முட்டை மேல் உட்கார்ந்தபடியே கரியாகி இருந்தது. அது பறந்திருக்கலாம், பறக்கவில்லை. அவர் குனிந்து அதைப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

இனிப் பயமில்லை என்று நினைத்தேன். ஒரு வாரம் நன்றாகவே தூங்கினேன். பிறகு எலி வர ஆரம்பித்தது. வேலியில் இருந்த எலி எல்லாம் சாளைக்கு வந்தது. எலியின் பின்னால் எது வரும் என்று காட்டுக்காரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு பக்கமும் நெருப்பு வைத்தால் உயிர் பிழைத்தது எல்லாம் எங்கே போகும்? ஒதுங்க மிஞ்சிய ஒரே இடம் நடுவில் எங்கள் வீடு.

சித்திரை மாதம், காலை எட்டு மணி இருக்கும். வெந்நீர் அடுப்புக்குப் பருத்திமார் எடுக்கப் பொடக்காலிக்குப் போனேன். இந்தப் பருத்திமார் போரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பருத்திச் செடி காய்ந்த பிறகு பிடுங்கி வைத்த விறகு அது. அடுப்படிச் சுவரோடு சேர்த்து ஆள் உயரத்துக்கு நான்தான் அடுக்குவேன், மழை பெய்தாலும் கைக்கு எட்ட வேண்டும் என்று. சுவரோடு சாத்தாதே, தள்ளி வை என்று அவர் வருசா வருசம் சொல்வார். விறகு என் வேலை, உங்களுக்கென்ன என்பேன். நாத்தனார்கள் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். ஒருத்தர் சொல்லி நான் செய்தேன் என்ற பேச்சே எனக்கு ஆகாது.

போரின் அடியில் ஒரு மூச்சுச் சத்தம். குக்கர் ஆவி விடுகிற மாதிரி, நிற்காமல் வந்தது. பருத்திமாருக்கு நடுவில், மண் நிறத்தில், முதுகில் வட்டம் வட்டமாக. அவரைக் கூப்பிட்டேனா என்பதே தெரியாது, அவர் வந்துவிட்டார். என் கையைப் பிடித்துப் பத்தடி பின்னால் இழுத்துக்கொண்டுபோய்க் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்தார்.

"வேலியவே எரிச்சாச்சு. இது எங்கிருந்து வந்துச்சுங்க?" என்றேன்.

அவர் தடியால் தரையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

"எரிச்சதுனால வந்திருக்கும். இல்லாட்டி மொதல்ல இருந்தே இங்கதான் இருந்திருக்கும்."

"மொதல்ல இருந்தேன்னா?"

"என்னைய வேலியோரம் கடிக்கல அம்மிணி. இங்கதான். நீ பால் பீச்சீட்டிருந்த. தண்ணி காய வெக்கலாமுன்னு ஒரு கை மாரு உருவுனேன். அப்பத்தான்."

பொடக்காலியில் சிதறிக் கிடந்த அந்த ஒரு கை பருத்திமார் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. நானே பொறுக்கி அடுப்பில் வைத்தது.

"பின்ன எதுக்கு வேலின்னீங்க?"

"டெம்போவுல போறப்ப எப்புடியும் போய்ச் சேந்துருவேன்னுதான் நெனச்சேன். எங்கக்காமாருக்கு, நான் தள்ளி வெக்கச் சொன்னதும் தெரியும், நீ வெக்காததும் தெரியும். எளவு ஊட்டுல வெச்சே உன்னையக் கேப்பாங்க. நீ ஒருத்தரு முன்னால தலை குனிஞ்சு நான் பாத்ததில்ல. செத்த பொறகு எதுக்குப் பாக்கோணும்? வேலிக்கு வாயில்ல. அதும்மேல போட்டுட்டேன்."

சாகப் போகிறோம் என்று நினைத்த நேரத்தில் ஒரு மனிதருக்கு நினைக்க எவ்வளவோ இருக்கும். இவர் என் தலையை நினைத்திருக்கிறார்.

"பொழைச்ச பொறகு சொல்லியிருக்கலாமல்லங்க" என்றேன் கடைசியில்.

"சொல்லலாமுன்னுதான் பாத்தேன். நீ பினாயில் டப்பாவைத் தூக்கீட்டு நடந்த நடையப் பாத்தா, பாம்பே தேவலைன்னு இருந்துச்சு."

அவர் சிரிக்காமல் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரையேறியது. முதுகில் தட்டினார்.

அடிக்க ஆள் கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பாம்பின் மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்றைக்கு அதை அடித்தால், நான் அடுக்கிய விறகை அதன் தலையில் போட்ட மாதிரி ஆகும். ஒரு பழியைத் தலை மாற்றி வைத்ததே போதும் என்று இருந்தது. இருவரும் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறிச் சுவர் சுட ஆரம்பித்ததும் அது வெளியே வந்தது. தடித்த உடம்பு, அவசரமில்லாத நடை. வேலி இருந்த கறுப்புக் கோட்டுக்குப் போய் அங்கே கொஞ்சம் தலை தூக்கி நின்றது. ஒதுங்க ஒன்றும் இல்லை. சாம்பலைக் கடந்து, வெட்டவெளி இட்டேரியைக் கடந்து, எதிர்க் காட்டுக்காரர்களின் வேலிக்குள் போகிற வரைக்கும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். நெடுந்தூரம் போன மாதிரி இருந்தது.

அன்றைக்கே பருத்திமார் போரைப் பிரித்து, தடியால் தட்டித் தட்டி, ஒரு கட்டு விடாமல் காட்டு மூலைக்குக் கொண்டுபோய் வைத்தேன். ஆள் வைக்கவில்லை.

கல்தூண், முள்கம்பி யோசனையை விட்டேன். வேலியை மறுபடி நடுவதற்குக் கிளுவைப் போத்து வேண்டும். போத்து இருப்பது எதிர்க் காட்டில். அந்தக் காட்டுக்கார அம்மாள் எனக்கு நாலைந்து வயது மூத்தவர், எங்களுக்குப் பங்காளி முறை. அவருக்கும் எனக்கும் பேச்சு எப்போதும் வேலிக்கு மேலேதான், அளந்துதான். புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்னால், கேட்டுப் போனேன். வாசலில் நின்றதும் அவர் பாக்கு இடிப்பதை நிறுத்தவில்லை.

"வா அம்மிணி. தீ வெச்ச கை போத்துக் கேக்குதா? இதையும் எரிக்கறதுக்கா?"

வழக்கமாக இருந்தால் அதற்கு ஒன்று சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பேன். அன்றைக்குத் திரும்பவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அவிங்களைக் கடிச்சது வேலியில இல்லீங்க அக்கா. எம் பருத்திமாரு போருல. செவுத்தோட சாத்துனது நான். என்னையக் காப்பாத்தறதுக்கு அவிங்க வேலியச் சொல்லிப்போட்டாங்க, நான் அதை நம்பி எரிச்சுப்போட்டேன்."

உரல் நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"வடக்கால வேலி நொம்ப அடஞ்சு கெடக்குது. வேணுங்கறதை வெட்டிக்க. விரக்கடை மொத்தமா இருக்கறதாப் பாத்து வெட்டு" என்றார்.

நாத்தனார்களிடமும் நானே போய்ச் சொன்னேன். அவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். குனிந்து கேட்டுக்கொண்டேன். கழுத்து ஒன்றும் ஒடிந்துவிடவில்லை.

எதிர்க் காட்டுப் போத்து பாதி வேலிக்குத்தான் வந்தது. மீதியைப் பாய் கொண்டுவந்தார். காங்கயம் பக்கம் ஆடு பிடிக்கப் போன இடத்தில் சொல்லி வைத்து, டெம்போ நிறைய ஏற்றி வந்தார். எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து, "கவுண்டரே, உங்கூட்டுக்கு நான் சவாரி ஓட்டறதே வேலையாப் போச்சுங்க, ஒரு தடவை ஆளு, ஒரு தடவை குச்சி" என்றார். ஆளும் அன்றைக்குக் குச்சி மாதிரிதான் இருந்தேன் பாய் என்று இவர் சொன்னார். கருமத்தம்பட்டியில் காணாமல் போயிருந்த பேச்சு அவருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

நான் கடப்பாரையால் குழி போட, அவர் உட்கார்ந்தபடியே போத்தை ஊன்றி மண்ணை மிதிப்பார். நல்ல காலால் மிதிப்பார், பிறகு கெட்ட காலால் ஒரு மிதி. இப்படிக் காட்டைச் சுற்றி வரப் பதினொரு நாள் ஆனது. நட்டு முடித்துப் பார்த்தால் வேலியாகத் தெரியவில்லை. வரிசையாக விறகு ஊன்றிய மாதிரி இருந்தது. உள்ளே உயிர் இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்க்க எனக்குக் கை பரபரக்கும். கீறாதே, அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்பார். ஐப்பசியில் மழை இரண்டு முறை கண்ணைக் காட்டிவிட்டுப் போயிற்று. மூன்றாவது முறை நின்று பெய்தது.

கார்த்திகை பிறந்து ஒரு காலை, எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனேன். கடைசியாக நட்ட வரிசையில் ஒரு குச்சியின் கணுவில், கடுகு அளவுக்கு ஒரு பச்சை. கண் மயக்கம் என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அடுத்த குச்சியிலும் இருந்தது. அதற்கடுத்ததில் இல்லை, அப்புறம் மூன்றில் இருந்தது. சாளையைப் பார்த்து ஒரு சத்தம் போட்டேன். அவர் தடியோடு வந்து, குனிந்து, ஒவ்வொரு குச்சியாக எண்ணிக்கொண்டே போனார். நாலு குச்சிக்கு ஒன்றுதான் பட்டுப்போயிருந்தது. அடுத்த புரட்டாசியில் அதை நிரப்பிக்கொள்ளலாம் என்றார். அடுத்த புரட்டாசி என்று அவர் வாயால் கேட்டதும், ஒரு வருசமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தக் குப்பியை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"ஆட்டை இன்னிக்கு நான் முடுக்கட்டுமா?" என்று கேட்டார். கேட்டு அனுமதி வாங்குகிற ஆளா அவர்? எனக்காகக் கேட்டார்.

பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். இருந்தது. பேசினால் போகாதீர்கள் என்றுதான் வரும். அதனால் பேசாமல் போய் மேய்ச்சல் பக்கத்துப் படலை, முள்ளால் கட்டிய கதவை, தூக்கித் திறந்துவிட்டேன். ஆடுகள் மணி குலுங்க நுழைந்தன. அவர் பின்னால் போனார். வலது கால் தரை அதிரத் தட்டியது, இடது கால் சரக்கென்று இழுத்தது. தட்டு, சரக்கு, தட்டு, சரக்கு. அந்தச் சத்தம் வெள்வேல மரம் வரைக்கும் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு ஆறு வருசம் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். மகள் வீட்டுக்குப் போனால் இரண்டு நாள்தான், மூன்றாம் நாள் வேட்டி அவிழ்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிடுவார். போன ஆனி மாதம், மத்தியானம் கம்மஞ்சோறும் மோரும் குடித்துவிட்டு, காட்டில் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தவர் எழவில்லை. ஆடுகள் சுற்றிலும் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. பாம்பில்லை, பூச்சியில்லை. நெஞ்சு நின்றுபோனது என்றார்கள். நாத்தனார்கள் வந்தார்கள், எங்கே, எப்படி என்று கேட்டார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

இப்போது ஆட்டை நான்தான் முடுக்குகிறேன். வேலி என் தோளைத் தாண்டிவிட்டது. சாளையிலிருந்து பார்த்தால் இட்டேரி தெரிவதில்லை. நேற்றுக் காலை படலுக்குப் பக்கத்தில் ஒரு கவுதாரி, பின்னால் ஆறேழு குஞ்சு, கோலிக்குண்டுகளை உருட்டிவிட்ட மாதிரி வேலியிலிருந்து வந்து தடத்தைக் கடந்தன. ஆடுகளைக் கையால் மறித்து நிறுத்தினேன். கடைசிக் குஞ்சு போய்ச் சேரட்டும் என்று நின்றேன். பிறகு காலை ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினேன். உள்ளே எதுவோ சருகை நகர்த்திக்கொண்டு அப்பால் போனது. அது போகிற வரைக்கும் நின்றுவிட்டுப் படலைத் திறந்தேன்.